இரண்டால் பெருக்கிய நாடி

விஞ்ஞான பாடத்துக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். "உங்கடை அனுபவத்திலை நாலு நல்ல விசயம் எழுதுங்கோ ரீச்சர்" என்றார் கேட்டவர். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவளிடம் நாலே நாலு நல்ல விசயம்தானா இருக்கும் என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுத உட்கார்ந்த பிறகு கோபம் அடங்கிவிட்டது. நல்ல விசயங்களை எழுதினால் நான் கெட்டிக்காரியாகத் தெரிவேன், உங்களுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இராது. ஆகவே நான் விட்ட பிழைகளில் இரண்டை எழுதுகிறேன். முதலாவதற்குச் சிரிக்கலாம். இரண்டாவதை நான் இதுவரை எந்த ஆசிரியருக்கும் சொன்னதில்லை.

நான் பருத்தித்துறைக்காரி. படிப்பித்தது புத்தூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். விடியவே மீன் சந்தைக்குப் போய், மீனின் பூவை, அதுதான் மீன் மூச்சு விடுகிற உறுப்பை, சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பையிலிருந்து தண்ணீர் சொட்டினால் கொண்டக்டர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத் தாங்கிக்கொள்ளும் பலத்தை எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் பாடசாலைக்குள் மீன், மச்சம் எதுவும் வரக்கூடாது என்பது எங்கள் அதிபர் அம்மாவின் சட்டம். கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படியே. அதனால் என் பாடத்திட்டத்தில் மீன்கள் திங்கள் முதல் வியாழன் வரைதான் மூச்சு விட்டன. இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது. பதினொரு மணிக்கு ஆய்வுகூடத்தின் ஜன்னலால் வெயில் விழும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே கிட்ட வந்து பார்ப்பார்கள், பார்த்த பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கை எடுபடுகிற நேரத்துக்காகவே நான் பஸ்ஸில் அத்தனை பேச்சும் வாங்கினேன்.

சிரிக்கிற பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த முதல் வருடம். வெங்காயத்தின் தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் கலங்களைக் காட்டும் பாடம். ஒரு வெங்காயம் கொண்டு வரச் சொன்னதற்கு உரும்பிராய்ப் பிள்ளை ஒருத்தி இரண்டு பிடி வெங்காயத்தைத் தாளோடு கட்டிக் கொண்டுவந்து வைத்தாள். இருந்தது ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரிசையில் வந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள், போய்க் கீறினார்கள். எல்லோருடைய கொப்பியிலும் கரிய தடித்த விளிம்போடு அழகான ஒரு வட்டம். அதற்குள் கலச்சுவர், குழியவுரு, கரு என்று புத்தகத்தில் உள்ள பெயர்கள் அத்தனையும் அம்புக்குறி போட்டு எழுதப்பட்டிருந்தன. நானும் ஒருதரம் குனிந்து பார்த்தேன், வட்டம் தெரிந்தது. முப்பத்தெட்டுக் கொப்பிகளிலும் சரி போட்டேன்.

பக்கத்து வகுப்பில் படிப்பித்த மூத்த ஆசிரியை ஒருவர் தற்செயலாக வந்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தார். பிறகு ஒரு கொப்பியை எடுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, உது காத்துக்குமிழ்" என்றார் மெதுவாக. "உம்முடைய பிள்ளையள் முப்பத்தெட்டுப் பேரும் காத்துக்குக் கரு கீறியிருக்குதுகள்."

வெங்காயத்துக்கு மேல் வைக்கிற மெல்லிய கண்ணாடித் துண்டைச் சரித்து வைக்காமல் பொத்தென்று வைத்தால் காற்று அகப்பட்டுவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கலம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று குனிந்தேன், பார்த்தது கலமாகிவிட்டது. அந்தக் கதை ஓய்வறையில் ஐந்தாறு வருடம் ஓடியது. தேநீரில் நுரை வந்தாலும் "ரீச்சரிட்டைக் குடுங்கோ, கரு இருக்கோ எண்டு பாக்கட்டும்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்போடு பாடம் முடிந்துவிட்டதென்று நினைத்ததுதான் நான் செய்த மடத்தனம்.

மற்றது நடந்தபோது நான் புதியவளில்லை. இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்து, பெயர் எடுத்து, என் பாடத்தில் பிள்ளைகள் சித்தியடையாமல் போவதில்லை என்று பெற்றோர் சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். ஆபத்து அப்போதுதான் தொடங்கும். பதினோராம் தரம், குருதிச் சுற்றோட்டம். நாடித்துடிப்பை எண்ணும் செய்முறை. உங்களுக்கும் அது வரும். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக இருப்பார்கள். ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுவாள். பிறகு அவளைப் பாடசாலை வாசல்வரை இரண்டு தரம் ஓடவிட்டு, வந்தவுடன் திரும்ப எண்ணுவாள். இரண்டு எண்களையும் அட்டவணையில் போட்டு வரைபு கீறவேண்டும்.

மூன்றாம் மேசையில் இருந்தவர்கள் நிறோஜாவும் கஜந்தினியும். கஜந்தினி ஓட்டக்காரி. நூறு மீற்றரிலும் இருநூறு மீற்றரிலும் எங்கள் பாடசாலையில் அவளை முந்த ஆளில்லை. வகுப்புக்குள் நடந்து வரும்போதும் ஏதோ துப்பாக்கி வெடிக்கக் காத்திருப்பவள் மாதிரித்தான் வருவாள். நிறோஜா அவளுக்கு நேர்மாறு, நிதானமான பிள்ளை. தாய்க்கு நீரிழிவு. மாதாமாதம் தாயைக் கிளினிக்குக் கூட்டிப் போகிறவள் அவள்தான். என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டால், கெட்டிக்காரர்கள் எல்லோரும் டொக்டர் என்பார்கள். இவள் மட்டும் நேர்ஸ் என்பாள்.

"ஏன் பிள்ளை, டொக்டரா வர உனக்கு மூளை இருக்குத்தானே" என்று ஒருநாள் கேட்டேன்.

"டொக்டர்மார் வந்து பாத்திட்டுப் போயிடுவினம் ரீச்சர். நேர்ஸ்மார்தானே நோயாளியோடை நிக்கிறவை" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. இவளை உயிரியல் படிப்பித்து அனுப்பிவிட வேண்டும் என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டேன்.

செய்முறை நடந்து இரண்டாம் நாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருவதாக இருந்தார்கள். கொப்பிகள் ஒழுங்காக இருக்கவேண்டும், வரைபுகள் அழகாக ஏறவேண்டும். புத்தகத்தில் எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது. நான் மேசை மேசையாகப் போய், எழுபத்திரண்டுக்கு அதிகம் விலகிப்போன எண்களைக் கண்டால், "திரும்ப எண்ணு" என்பேன். பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் தெரியும். திரும்ப எண்ணாமலே கிட்டத்தட்ட ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். நானும் அதைக் கண்டும் காணாததுபோல் போய்விடுவேன். பொய் எழுதப் பழக்குகிறேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிள்ளைகளைத் திருத்துகிறேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் மேசையில் நிறோஜாவின் கொப்பியில் நாற்பது என்றும் ஐம்பத்தெட்டு என்றும் இருந்தது. நாற்பது, சும்மா இருந்தபோது. ஐம்பத்தெட்டு, ஓடி வந்த பிறகு.

"இதென்ன, கஜந்தினி ஆமையே?" என்றேன். வகுப்பு சிரித்தது. கஜந்தினியும் சிரித்தாள்.

நிறோஜா சிரிக்கவில்லை. "நான் மூண்டு தரம் எண்ணிப் பாத்திட்டன் ரீச்சர். நாப்பதுதான் வருது."

நான் ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த யோசனை எனக்குப் பெருமையையே தந்தது. "நீ ஒண்டுவிட்டு ஒண்டு எண்ணியிருக்கிறாய். ரெண்டாலை பெருக்கிப் பார்."

நாற்பதை இரண்டால் பெருக்கினால் எண்பது. ஐம்பத்தெட்டைப் பெருக்கினால் நூற்றுப்பதினாறு. புத்தகத்தில் இருந்து எடுத்ததுபோல் வந்து பொருந்திவிட்டது. இவ்வளவு சரியாகப் பொருந்துகிற ஒன்று பிழையாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"மூண்டு தரமும் அப்பிடி எண்ணியிருப்பனே ரீச்சர்?"

"மூண்டு தரமும் ஒரே பிழையை விட்டிருக்கிறாய். மாத்தி எழுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழிறப்பரை எடுத்து அழித்தாள், எண்பது என்று எழுதினாள். நான் நாலாம் மேசைக்குப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கஜந்தினியின் கை என் கைக்கு எட்டும் தூரத்தில் மேசையில் கிடந்தது. என் கையில் மணிக்கூடு கட்டியிருந்தது. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்து ஒரே ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாற்பது நிமிடப் பாடம், இன்னும் ஆறு மேசைகள், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் என்று எனக்கு நானே பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட நிற்கவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர் நிறோஜாவின் வரைபைத் தூக்கிப் பிடித்து, "பிள்ளை நல்ல ஒழுங்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்து இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிள்ளைகள் இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரிந்து மோதும் விளையாட்டுப் போட்டி. விஞ்ஞான ஆசிரியைக்கு என்ன வேலை தருவார்கள் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். முதலுதவிக் கூடாரம். உயிரியல் தெரிந்தவளாம். எனக்குத் தெரிந்தது தவளையின் உள்ளுறுப்புகள், தந்தது பிளாஸ்ரரும் குளுக்கோசும் ஒரு வாளி ஐஸும். வெயில் கொளுத்தியது. இல்லங்களைத் தோரணம் கட்டிச் சோடித்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு இல்லங்களுக்கு இடையில் சில புள்ளிகள்தான் வித்தியாசம். கஜந்தினியின் இல்லம் பின்னால் நின்றது. அதனால் வழக்கமாக ஓடாத நானூறு மீற்றருக்கும் அந்த வருடம் அவளின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அதில் முதலாவதாக வந்தால் வலய மட்ட அணிக்கும் எடுபடுவாள்.

இருநூறு மீற்றரில் அவள் வென்றாள். வென்ற கையோடு, இல்லத்துப் பிள்ளைகள் தூக்கிக் கொண்டாடுவதற்கு முன், தானாகக் கூடாரத்துக்குள் நடந்து வந்து பாயில் படுத்தாள். நிறோஜா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வந்தாள்.

"ஒண்டுமில்லை ரீச்சர், தலை சுத்துது. காலமை சாப்பிடேல்லை" என்றாள் கஜந்தினி. உதடு வெளிறியிருந்தது.

குளுக்கோசைக் கரைக்கக் கொடுத்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அவளின் மணிக்கட்டைப் பிடித்தேன். முதலுதவிக்காரர் என்றால் நாடி பிடிக்கவேண்டும்தானே, அவ்வளவுதான். ஓடி வந்த பிள்ளையின் நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடும் என்று விரல்களைத் தயாராக வைத்தேன். விரலுக்குக் கீழே ஒன்று அடித்தது. நான் காத்திருந்தேன். பிறகு அடுத்தது அடித்தது. என் கையில்தான் ஏதோ பிழை என்று மற்றக் கையைப் பிடித்தேன். அங்கும் அப்படியே. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். ஐம்பத்தாறு.

ஒன்றுவிட்டு ஒன்று நான் எண்ணவில்லை. எண்ணிய துடிப்புகளுக்கு இடையில் வேறு ஒன்றும் அடிக்கவேயில்லை. மூன்றாம் மேசையில் அழிக்கப்பட்ட அந்த இரண்டு எண்களும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் நானூறு மீற்றர் பெண்கள் இறுதிப் போட்டிக்கு முதலாவது அழைப்பு விட்டார்கள். கஜந்தினி எழும்பி உட்கார்ந்தாள். நான் மணிக்கட்டை விடவில்லை.

"நீ ஓடக்கூடாது."

"எனக்கு இப்ப சுகம் ரீச்சர்."

"ஓடக்கூடாது எண்டு சொன்னனான்."

அவள் அழத் தொடங்கினாள். செய்தி போய், விளையாட்டுக்குப் பொறுப்பான சேர் மைதானத்திலிருந்து நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் கயிற்றைத் தாண்டிக் கஜந்தினியின் தகப்பனும் வந்தார். ஓட்டோ ஓட்டுகிறவர், மகளின் ஓட்டத்துக்காக அன்று ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"என்ன ரீச்சர், ரெண்டாவது அழைப்பும் விடப் போறாங்கள்" என்றார் சேர்.

"இந்தப் பிள்ளையின்ரை நாடி ஐம்பத்தாறு சேர்."

"ஓடுற பிள்ளையளுக்கு நாடி குறைவாத்தான் இருக்கும். நீங்கள்தானே உதைப் படிப்பிக்கிறனீங்கள்."

அவர் சொன்னது பொய்யில்லை. பயிற்சி செய்கிறவர்களின் இதயம் ஓய்வில் மெதுவாக அடிக்கும். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் பெரிய நாளைக் கெடுக்கிறேனோ என்று. அப்போது எனக்குக் கைகொடுத்தது பத்தாம் தரப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு விசயம்தான். ஓடும்போது தசைகளுக்கு ஒட்சிசன் வேண்டும். அதைக் கொண்டுபோக இதயம் விரைந்து அடித்தே ஆகவேண்டும்.

"சும்மா இருக்கேக்கை குறைவா இருக்கலாம் சேர். இவள் ஓடி முடிச்சு ஐஞ்சு நிமிசமாகேல்லை. உங்கடை கையைத் தாங்கோ" என்று அவரின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். மைதானத்தில் அங்குமிங்கும் நடந்து திரிந்ததற்கே அவருக்கு நூற்றாறு. "நீங்கள் ஓடேல்லை, உங்களுக்கு நூத்தியாறு. இவள் ஓடினவள், இவளுக்கு ஐம்பத்தாறு. நான் விடமாட்டன்."

தகப்பன் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு ஓட்டம்தானே ரீச்சர். வருசம் முழுக்க உதுக்காகத்தான் பிள்ளை விடியக்காலமை எழும்பினது."

"ஐயா, நான் பிழை எண்டால் எல்லாற்றை முன்னாலையும் வந்து பிள்ளையிட்டை மன்னிப்புக் கேக்கிறன். இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நானும் வாறன்."

அவர் திறப்பை எடுத்துக்கொண்டு ஓட்டோவை நோக்கி நடந்தார். அப்போதுதான் சேர் அந்தக் கேள்வியைக் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"உதை எப்ப கண்டனீங்கள் ரீச்சர்?"

நிறோஜா தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றாள்.

"இப்பதான்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களைப் பூட்டி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் மேலறைகளில் பிறக்கும் கட்டளை கீழறைகளுக்குப் போய்ச் சேரவில்லை, கீழறைகள் தங்கள் பாட்டில் மெதுவாக அடித்துக்கொண்டிருக்கின்றன என்று டொக்டர் விளக்கினார். பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்றார். நானூறு மீற்றர் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தகப்பன் கேட்டார். "ஓடி முடிச்சிருக்கவும் கூடும். முடிக்காமலும் விட்டிருக்கலாம்" என்றார் டொக்டர். தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஓட்டம் அதோடு நின்றது. ஆள் உயிரோடு நின்றாள்.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூர்ந்த பார்வையும் கடமையுணர்வும் உள்ள ஆசிரியை என்று மேடையில் வாசித்தார்கள். மூன்றாம் வரிசையில் நிறோஜா இருந்து மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு அவளுக்கு ஏ. உயர்தர வகுப்பு அனுமதிப் படிவங்களைச் சேர்க்கும் வேலை என்னிடம் இருந்தது. அவளின் படிவத்தில் கலைப்பிரிவு என்று இருந்தது.

"ஏன் பிள்ளை, நேர்ஸா வாறன் எண்டனி?"

"அந்த வேலை எனக்குச் சரிவராது ரீச்சர்."

என்னில் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்டால் அவள் அந்தச் செய்முறையைச் சொல்லிக்காட்டுவாள் என்று பயந்தேன். உள்ளதைச் சொன்னால், இன்னும் இரண்டு வருடம் இவள் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்து என்னைப் பார்க்கமாட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதியே வந்தது. படிவத்தை அடியில் வைத்துக் கட்டினேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், கஜந்தினி கணவனோடு வீட்டுக்கு வந்து தன் மகனின் பல்லுக்கொழுக்கட்டைக்குச் சொன்னாள். பிள்ளைக்குப் பல் முளைத்ததற்குக் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டும் சடங்கு. எனக்கு அதைவிடச் சந்தோசமான அழைப்பு வந்ததில்லை. போனேன். மாமன் மாமியிடம் என்னை இழுத்துக்கொண்டுபோய், "இவதான் என்ரை உயிரைக் காப்பாத்தின ரீச்சர்" என்றாள். அவளுக்குப் பின்னால் கொழுக்கட்டைத் தட்டோடு நிறோஜா நின்றாள். பிரதேச செயலகம் ஒன்றில் வேலை செய்கிறாளாம். என்னைக் கண்டு நன்றாகத்தான் சிரித்தாள். நான்தான் கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் தட்டை நிரப்பக் குசினிக்குப் போனபோது பின்னால் போனேன்.

"நிறோஜா, அண்டைக்கு நீ எண்ணினது சரி. நான்தான் பிழை."

"தெரியும் ரீச்சர்" என்றாள், கொழுக்கட்டைகளை அடுக்கியபடி.

"என்னிலை கோவத்திலைதானே பயோ படிக்காமல் விட்டனி?"

அவள் நிமிர்ந்தாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "உங்களிலையோ? இல்லை ரீச்சர். என்னிலை." கையிலிருந்த கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தாள். "நான் மூண்டு தரம் எண்ணினனான். சரி எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் ஒருக்காச் சொன்னவுடனை அழிச்சிட்டன். அண்டைக்குப் பின்னேரம் கஜந்தினி கேட்டவள், உண்மையிலை எத்தினையடி, எனக்குப் பயமா இருக்கெண்டு. எண்பதடி, நீ ஓடு எண்டு சொன்னன். பிறகு யோசிச்சுப் பாத்தன். ஆஸ்பத்திரியிலையும் ஆரும் பெரியாக்கள் சொன்னால் நான் இப்பிடித்தான் அழிச்செழுதுவன். அப்பிடியானவள் நோயாளிக்குப் பக்கத்திலை நிக்கக்கூடாது."

"நீ பதினைஞ்சு வயசுப் பிள்ளையடி."

"ஓம். அது அப்ப எனக்குத் தெரியேல்லையே."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. தன் சேலைத் தலைப்பால் தட்டின் விளிம்பைத் துடைத்தாள். "கூடாரத்துக்குள்ளை சேர் கேட்ட நேரம், இவள் முதலே கண்டவள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எனக்குக் காணும் ரீச்சர். நான் படிச்சிருப்பன்." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளைகளே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் பிழை விடுவீர்கள். முப்பது வருடத்தில் காற்றுக்குமிழ்கள் நிறையவே வரும். ஒரு பிள்ளை புத்தகத்துக்கு மாறான எண்ணைக் கொண்டுவந்தால், அழிக்கச் சொல்வதற்கு முன் போய் அந்தக் கையைப் பிடித்து நீங்களே எண்ணிப் பாருங்கள். அதையும் மீறிப் பிழை நடந்துபோனால், அந்த வகுப்பிலேயே, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள்தான் சரி என்று சொல்லிவிடுங்கள். மரியாதை போய்விடும் என்று பயப்படாதீர்கள். நான் காப்பாற்றி வைத்த மரியாதையின் விலையை நிறோஜா தன் படிப்பால் கட்டித் தீர்த்தாள்.

கூடாரத்துக்குள் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்ட சேர் இப்போது உயிரோடு இல்லை. உங்களிடம் சொல்கிறேன். கஜந்தினியின் இதயத்தில் இருந்த கோளாறை முதலில் கண்டவள் நான் அல்ல. நிறோஜா என்ற மாணவி, மூன்றாம் மேசை. மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் சரியாக எண்ணினாள்.